சமணர் மலையில டப்பா வைக்காம ஜியோகேச் வைக்கிறது எப்படி

ஜியோகேச்சிங் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஒருத்தர் டப்பாவை ஒளிச்சு வச்சிட்டு அந்த இடத்தோட ஜிபிஎஸ் எண்ணை (அட்சரேகை, தீர்க்கரேகை) நெட்ல போடுவார், நாம தேடிக் கண்டுபிடிச்சு உள்ள இருக்க நோட்டுல பேரெழுதிட்டு எடுத்த இடத்துலயே வச்சிட்டு வரணும், அவ்ளோதான். 2000 மே மாசம் ஜிபிஎஸ்ல அமெரிக்கா வேணும்னே விட்டிருந்த பிழையை எடுத்த மறுநாளே இது ஆரம்பிச்சிருச்சு.

மதுரைக்குப் பக்கத்துல சமணர் மலை இருக்க கீழக்குயில்குடி பக்கம் வைக்கணும்னு ஆசைப்படுறவங்க மலை மேல மட்டும் டப்பா வைக்காதீங்க. செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் எல்லாம் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு, ஆயிரம் வருஷத்துச் சிற்பம், அங்கன டப்பா இருக்குன்னு தெரிஞ்சா வர்றவன் பாறை இடுக்கு பூராம் கையை விட்டு நோண்டுவான். அதனால மல்டி கேச்சா வைங்க, அதாவது ஒரு இடத்துல கிடைக்கிற விடையை வச்சு டப்பா இருக்க அடுத்த இடத்தைக் கண்டுபிடிக்கணும்; கேள்வி மேல, டப்பா கீழ.

பேச்சிப்பள்ளத்துல வரிசையா எத்தனை சிற்பம், செட்டிப்புடவு குகைக்குள்ள எத்தனைன்னு எண்ண வைங்க, அந்த எண்கள் டப்பா இருக்க இடத்தோட எண்ணுல கடைசி இலக்கமா வரணும். மதுரை ஊருக்குள்ள இருக்க பத்துத்தூண்ல எத்தனை தூண்னு கேக்குற மாதிரி வீட்ல இருந்தே சொல்ற கேள்வி வேஸ்ட்டு. போர்டுல இருக்க எழுத்தையும் நம்பாதீங்க, பெயிண்ட் அடிச்சா உங்க கேள்வி காலி.

டப்பாவுக்கு எண் எடுக்குறப்ப பாறையை ஒட்டி நிக்காதீங்க, சிக்னல் பாறையில பட்டுத் திரும்பி வந்து போன் தப்பா காட்டும். வேற வேற நாள்ல நாலஞ்சு தடவை எடுத்து சராசரி போடுங்க, ஏன்னா ஜிபிஎஸ் எண்ணை டிகிரி, நிமிஷம்னு எழுதுறப்ப அந்த நிமிஷத்துல மூணாவது தசம இலக்கம் ஒண்ணு மாறினாலே கிட்டத்தட்ட 1.8 மீட்டர் தள்ளிப் போயிரும். அடுத்தவங்க டப்பாவுல இருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்கணும், வெறும் கேள்வி இடத்துக்கு இந்தக் கணக்கு கிடையாது.

அடிவாரத்துல டீக்கடையோ பொட்டிக்கடையோ, கடைக்காரர்கிட்ட முதல்லயே "அண்ணே, இது ஒரு விளையாட்டு, இந்த மூலையில வச்சுக்கிறவா"ன்னு கேட்டு வைங்க. கேக்காம வச்சு யாராச்சும் மர்மப் பொருள்னு போலீசுக்கு போன் போட்டா அப்புறம் நாமதான் போய் நிக்கணும். டப்பா மேலயே ஜியோகேச், இதுக்குள்ள நோட்டு மட்டும்தான்னு தமிழ்ல எழுதி ஒட்டிருங்க. இறுக்க மூடுற பிளாஸ்டிக் டப்பா, ஜிப் கவருக்குள்ள நோட்டு, கூட ஒரு பென்சில், பேனா ஈரத்துல எழுதாது. மிட்டாய் கிட்டாய் போட்டா எறும்பு வந்துரும். நான் முதல்ல நல்ல எவர்சில்வர் டப்பாவா வச்சேன், மூணே நாள்ல காணோம், இந்நேரம் யார் வீட்லயோ அதுல பருப்பு இருக்கும்.

அய்யனார் கோயில் சுத்துப்பட்டுல எதையும் ஒளிக்காதீங்க, சாமி இடத்துல தேடுறேன்னு நின்னா ஊர்க்காரங்க கேக்கத்தான் செய்வாங்க. வர்றவங்களைக் காலையில வெள்ளன ஏறச் சொல்லி குறிப்புல போட்டுருங்க, பத்து மணிக்கு மேல அந்தப் பாறை தோசைக்கல்லுதான்.