லிஸ்பனில் மூன்று இரவு: உடன்பிறந்தவரோடு போகிறவர்களுக்கு

அக்கா தம்பியோ அண்ணன் தங்கையோ சேர்ந்து லிஸ்பன் போவதென்றால் முதலில் தீர்க்க வேண்டியது கட்டில் விஷயம். பெரியவர்கள் இரண்டு பேர் என்று போட்டு அறை பதிவு செய்தால், தம்பதி என்று எடுத்துக்கொண்டு ஒரே பெரிய கட்டில் உள்ள அறையைத் தந்துவிடுவார்கள். போர்த்துகீசியத்தில் அதற்குப் பெயரே 'காமா டி கசால்', தம்பதிக் கட்டில். ராத்திரி பதினோரு மணிக்கு வரவேற்பு மேஜையில் நின்று மாற்றக் கேட்டால் காலி அறை இருக்காது. பதிவு செய்த அன்றே விடுதிக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள்: 'துவாஷ் காமாஷ் செபராதாஷ்', இரண்டு தனிக் கட்டில்கள். 'தனி' என்ற சொல் முக்கியம். சில இடங்களில் இரண்டு ஒற்றைக் கட்டில்களை ஒட்டிப் போட்டு மேலே ஒரே விரிப்பை விரித்து, அதையும் இரட்டைக் கட்டில் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

அதே கடிதத்தில் லிஃப்ட் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். பழைய நகரக் கட்டடங்களில் நாலாவது மாடிக்குக் குறுகலான மரப்படி மட்டும் இருப்பது சாதாரணம்.

இடம் என்று பார்த்தால் ரெஸ்தௌராதோரிஷ் சதுக்கத்தைச் சுற்றி எடுப்பது வசதி. அரண்மனைகள் உள்ள மலையூர் சிண்ட்ராவுக்குப் போகும் ரயில் நடக்கிற தூரத்தில். மெட்ரோவின் நீல வழித்தடம் வாசலில். மேட்டிலுள்ள பழைய பகுதியான அல்ஃபாமா படத்தில் அழகு, பெட்டியோடு போனால் படிக்கட்டு. டாக்ஸியும் பாதியில் இறக்கிவிடும். பைரு அல்த்துவில் நள்ளிரவு தாண்டியும் தெருவில் கூச்சல். விடுதி வாடகைக்கு மேல் நகராட்சி வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ. இரண்டு பேர், மூன்று இரவு என்றால் 24 யூரோ. பதிவுத் தொகையில் இது பெரும்பாலும் சேராது, அங்கே கேட்பார்கள்.

விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். லண்டனில் வேலை, அங்கே குடியுரிமை இல்லை என்பவர்களுக்கும் அப்படியே. கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும். கோடைக்காலத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம், இரண்டு மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும்.

உடன்பிறந்தவர்களுக்கு இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டு காகிதம். சேர்ந்து போகிறோம் என்பதால் ஒன்றைப் பார்த்து மற்றதைப் புரிந்துகொள்வார்கள் என்று விடக்கூடாது. நம்மவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தம்பியின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருக்கும், கல்யாணமான அக்காவுடையதில் கணவர் பெயர் இருக்கும். வெளியாள் கண்ணுக்கு இரண்டு பேரும் யாரோ எவரோ. ஒருவர் செலவை மற்றவர் ஏற்பதாகக் காட்டினால் இது உடனே கேள்வியாகும். இருவரின் பிறப்புச் சான்றிதழையும், தேவையானால் ஆங்கில மொழிபெயர்ப்போடு, சேர்த்து வையுங்கள். தாய் தந்தை பெயர் இரண்டிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். வேறுபட்டால் ஒரு விளக்கக் கடிதம் போதும். அதிகாரி கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

பொதுப் பணப்பை

'இந்த காபிக்கு நான் கொடுத்தேன், நேற்று நீ கொடுத்தாய்' என்ற கணக்கில்தான் இந்த மாதிரிப் பயணம் கசக்கும். பெரியவர் எல்லாவற்றுக்கும் அட்டையை நீட்டுவார், சின்னவர் கூச்சத்தில் மலிவான சாப்பாட்டைத் தேடுவார். இரண்டுமே வேண்டாம். முதல் நாளே ஆளுக்கு 120 யூரோ ஒரு சின்னப் பையில் போடுங்கள். சாப்பாடு, நகருக்குள் போக்குவரத்து, நகராட்சி வரி இதிலிருந்து போகும். துணிமணி, பரிசுப்பொருள், ஒருவர் மட்டும் குடிப்பது, ஒருவர் மட்டும் பார்ப்பது எல்லாம் சொந்தக் காசு. பையை வைத்திருப்பவர் சின்னவராக இருக்கட்டும். வீட்டில் பணம் கேட்டே பழகியவர் கையில் பணம் இருந்தால் பேச்சு சமமாகிவிடும். பை காலியானால் இருவரும் சமமாக மறுபடி போடுவது, மிச்சத்தை விமான நிலையத்தில் பாதியாகப் பிரிப்பது. அவ்வளவுதான் கணக்கு.

பணம் எடுக்க 'முல்த்திபாங்கு' என்று எழுதிய வங்கி இயந்திரங்களைத் தேடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் நாணய மாற்று இயந்திரங்கள் கட்டணமும் மோசமான மாற்று விகிதமும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எந்த இயந்திரமும் 'ரூபாயிலா யூரோவிலா' என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள்.

போக்குவரத்து அட்டை

மெட்ரோ நிலைய இயந்திரத்தில் 'நவிகான்டி' என்ற அட்டை 50 சென்ட்டுக்குக் கிடைக்கும். ஆளுக்கு ஒன்று கட்டாயம். ஒரே அட்டையைக் காட்டி இரண்டு பேர் கதவைத் தாண்ட முடியாது. அதில் பணம் ஏற்றும்போது 'சாப்பிங்' என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள்: ஏற்றிய பணத்திலிருந்து பயணத்துக்குப் பயணம் கழியும். 24 மணி நேர டிக்கெட் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் மலிவான வகை மெட்ரோ, பேருந்து, டிராமுக்கு மட்டும். ரயிலுக்கும் படகுக்கும் செல்லாது. கீழே சொல்லும் திட்டத்தில் ரயிலும் படகும் இருக்கின்றன, சாப்பிங் எல்லாவற்றுக்கும் ஓடும். ஆளுக்கு 15 யூரோ ஏற்றுங்கள், குறைந்தால் பிறகு போட்டுக்கொள்ளலாம். 24 மணி நேர டிக்கெட் ஏறிய அட்டையில் அது தீரும் வரை சாப்பிங் பணம் ஏற்ற முடியாது. இயந்திரம் திருப்பித் தள்ளுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

விமான நிலையத்திலிருந்து சிவப்பு வழித்தடம். சாவ் செபாஸ்தியாவ்ங்கில் இறங்கி நீலத்துக்கு மாறினால் ரெஸ்தௌராதோரிஷ். மெட்ரோ காலை 6:30 முதல் இரவு 1 மணி வரை.

மூன்று நாள்

வெள்ளி மாலை வந்து திங்கள் மாலை கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். பெலெய்ங் பகுதியிலுள்ள ஜெரோனிமுஷ் மடாலயம் திங்கட்கிழமை மூடியிருக்கும். அதனால் சனி பெலெய்ங், ஞாயிறு சிண்ட்ரா. டிக்கெட்டே தேவைப்படாத அல்ஃபாமா திங்களுக்கு. இந்த வரிசையை மாற்றினால் ஏதாவது ஒன்று மூடிய கதவில் முடியும்.

சனி. பெலெய்ங்குக்கு எல்லோரும் 15-ஆம் எண் டிராமில் நெருக்கியடிப்பார்கள். கைஷ் டு சோத்ரே நிலையத்திலிருந்து கஷ்கைஷ் வழி ரயிலில் போனால் பத்து நிமிடம் கூட ஆகாது. ஏறுமுன் பெலெய்ங்கில் நிற்குமா என்று பலகையைப் பாருங்கள், வேகரயில் நிற்காமல் போய்விடும். மடாலய முற்றத்துக்கான டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுங்கள். பக்கத்துத் தேவாலயத்துக்குக் கட்டணமில்லை, வரிசையும் வேறு. உள்ளே நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1498-இல் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்த அதே ஆள். 1524-இல் கொச்சியில் இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டு, 1539-இல் எலும்புகள் போர்த்துகலுக்குக் கப்பலேறின. இப்போது பார்க்கிற கல்வேலை அதற்கு மிகப் பிந்தியது. எதிரே கவிஞர் கமோயிஷ்.

தெருவில் நீலப் பந்தலோடு நிற்கும் பலகாரக் கடை 1837 முதல் இருக்கிறது. வாசலில் நீளும் வரிசை வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு. அதில் நிற்காமல் உள்ளே போங்கள், அறைக்குப் பின் அறையாக நூற்றுக்கணக்கான இருக்கைகள். இங்கே பேர்போன பலகாரமான பச்டேல் சூடாக வரும். மேலோடு அப்பளம்போல் நொறுங்கும், நடுவில் முட்டைப்பால் கூழ், மேலே கருகிய புள்ளிகள். கூட வரும் பட்டைத்தூளைத் தூவிக் கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு சொல்லுங்கள். ஒன்று சொன்னால் இரண்டாவது வரிசை நிச்சயம். காபியில் 'பிக்கா' என்பது ஒரு மடக்குக் கசப்பு. நம் பால் காபிக்குப் பக்கத்தில் வருவது 'கலாவ்ங்', உயரக் கண்ணாடிக் குவளையில்.

அன்று மதியம் இரண்டரையிலிருந்து ஆறரை வரை பிரிந்து போங்கள். ஒருவர் அரச குதிரைவண்டி அருங்காட்சியகத்துக்குப் போகட்டும், மற்றவர் கடைத்தெருவுக்கோ அறைக்குத் தூங்கவோ போகட்டும். மூன்று நாளும் ஒட்டிக்கொண்டே சுற்றினால் இரண்டாம் நாள் சாயங்காலம் பழைய வீட்டுச் சண்டை ஒன்று எப்படியோ எழுந்து வரும். சந்திக்கும் இடம் பிரசா டு கொமேர்சியு சதுக்கத்து நடுவில் குதிரைமேல் இருக்கும் ராஜா சிலை. ஃபோன் செத்தாலும் தவறாத அடையாளம். அங்கிருந்து ஆற்றோரமாக நடந்து கைஷ் டு சோத்ரே போய், எதிர்க்கரையிலுள்ள கசிலியாஷுக்குப் படகு: பத்து நிமிடம், சாப்பிங் பணத்தில். அஸ்தமனத்தில் நகரம் முழுதும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும். காசு கொடுத்து ஏறும் உல்லாசப் படகு எதுவும் இதைவிட ஒன்றும் கூடுதலாகக் காட்டாது.

ஞாயிறு. சிண்ட்ராவில் பெனா அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட். ஏமாறுவது இங்கேதான். டிக்கெட்டில் உள்ள நேரம் அரண்மனை அறைகளுக்குள் நுழையும் நேரம், பூங்கா வாசலுக்கு அல்ல. வாசலிலிருந்து அரண்மனைக்குச் செங்குத்தான ஏற்றம், இருபது நிமிடம். தாமதித்தால் விட மாட்டார்கள். காலை 9:30 டிக்கெட் என்றால் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்: 9 மணிக்குப் பூங்கா வாசல், அதற்கு 8:30-க்குள் சிண்ட்ரா நிலையத்து வெளியே 434-ஆம் எண் பேருந்து நிறுத்தத்தில் நிற்க வேண்டும், ரயில் 40 நிமிடம், ஆக 7:40-க்கு முன் லிஸ்பனில் கிளம்பும் ரயில். பேருந்துக்குத் தனி டிக்கெட், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ரயில் கிளம்புவது ரோசியு ரயில் நிலையம்; அதற்கு ஒட்டிய மெட்ரோ ரெஸ்தௌராதோரிஷ், 'ரோசியு' என்ற பெயருள்ள மெட்ரோ நிலையம் அல்ல. வாசல் குதிரை லாட வடிவில் இருக்கும், நடைமேடை பல மாடி மேலே. போய் இறங்குவது கடைசி நிலையத்தில். அதற்கு முந்தைய போர்த்தெலா டி சிண்ட்ராவில் அவசரப்பட்டு இறங்க வேண்டாம்.

லிஸ்பனில் வெயில் அடித்தாலும் மலைமேல் மூடுபனி இருக்கும், ஒரு மேல்சட்டை எடுங்கள். பெனாவுக்குப் பின் ரெகலைரா தோட்டத்தின் சுழல் கிணறு போதும். மூர் கோட்டையையும் சேர்த்தால் கால் போய்விடும். உடன்பிறந்தவர்களில் ஒருவர் 'வந்தது வந்தோம், அதையும் பார்த்துவிடுவோம்' என்கிற ரகமாக இருப்பார். ஆளுக்கு ஒரு இடம், அதற்கு மறுப்பில்லை, மூன்றாவது கிடையாது என்று ரயிலிலேயே பேசி முடியுங்கள்.

திங்கள். ஏற்றத்தை டிராமிடம் விடுங்கள், இறக்கத்தில் நடங்கள். காலை ஏழரைக்கு முன் மார்டிங் மொனீஷில் 28-ஆம் எண் டிராம். எட்டரைக்குப் பின் அதே இடத்தில் ஒரு மணி நேர வரிசையும், வண்டிக்குள் ஜேப்படிக்காரர்களும். பையை முன்பக்கம் போடுங்கள். கிராசாவில் இறங்கி செஞ்யோரா டு மோன்டி மேட்டில் நகரத்தைப் பாருங்கள். பிறகு போர்த்தாஷ் டு சோல், சாந்தா லுசியா, 1147-க்குப் பின் எழுந்த பேராலயம் என்று இறங்கிக்கொண்டே வரலாம். கோணல் சந்துகள் முடிந்து சதுரம் சதுரமான தெருக்கள் தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். 1755 நவம்பர் 1 நிலநடுக்கத்தில் அழிந்து, திட்டம் போட்டுக் கட்டிய பகுதி அது. நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கல். மழை பட்டால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும், ரப்பர் அடி நன்றாகப் பிடிக்கிற செருப்போ ஷூவோ வேண்டும். மலையேறும் சிறு வண்டிகளை நம்பித் திட்டம் போட வேண்டாம். 2025 செப்டம்பரில் குளோரியா வண்டி தடம்புரண்டு 16 பேர் இறந்த பிறகு மற்றவற்றையும் சோதனைக்காக நிறுத்தினார்கள்.

சாப்பாட்டு மேஜையில்

உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், சீஸ் கேட்காமலே வரும். இலவசம் அல்ல. தொட்டால் காசு, தொடாமல் வைத்தால் தர வேண்டியதில்லை. வேண்டாம் என்பதற்கு 'நாவ்ங், ஓப்ரிகாடு' என்று தம்பி சொல்லலாம். அக்கா 'ஓப்ரிகாடா' என்று சொல்ல வேண்டும். நன்றி சொல்கிற ஆளைப் பொறுத்து முடிவு மாறும். அக்காவைப் பார்த்துத் தம்பியும் 'டா' போட்டால் பரிமாறுகிறவர் சிரிப்பார்.

சைவக்காரர்கள் 'இறைச்சி இல்லாமல்' என்று மட்டும் கேட்டால் மீன் வரும். 'செங் கார்னி, நெங் பெய்ஷி' என்று இரண்டையும் சொல்லுங்கள். பச்சைக்கீரைச் சூப்பான கால்டு வெர்டியில் ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். கண்ணாடிப் பெட்டியில் தெரிகிற 'ஷமூசா' நம் சமோசாவேதான், கோவா வழியாகப் போனது. உள்ளே பெரும்பாலும் கறி. சோறும் உருளைக்கிழங்கும் ஒரே தட்டில் சேர்ந்து வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அங்கே வழக்கம்.

கிளம்பும்போது

மலிவு விமானங்கள் பல இரண்டாம் முனையத்திலிருந்து புறப்படும். மெட்ரோ வந்து சேர்வது முதலாம் முனையம். அங்கிருந்து இலவசப் பேருந்து. அதற்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பாஸ்போர்ட் வரிசையில் இருவரும் ஒன்றாக நின்றாலும் தனித்தனியாகத்தான் கூப்பிடுவார்கள். திரும்பும் டிக்கெட்டும் விடுதி ரசீதும் இருவர் ஃபோனிலும் இருக்கட்டும், ஒருவரிடம் மட்டும் வேண்டாம்.