அம்மா வரைந்த நிலக்காட்சிகள்: துடைக்கும் முன் செய்ய வேண்டியவை

பரணிலிருந்து படங்களை இறக்கியதும் பலருக்கும் கை ஈரத்துணியைத் தேடும். அடுத்த நாளே லேமினேஷன் கடைக்குப் போவார்கள். இரண்டுமே வேண்டாம். வாட்டர்கலர் ஈரம் பட்டால் கரைந்து வந்துவிடும். லேமினேஷன் பசையோ சூட்டில் உருகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். பிறகு பிரிக்க வழியில்லை. கட்டுகளின் வரிசையையும் கலைக்காதீர்கள். ஒரே கட்டில் கிடப்பவை ஒரே பயணத்தில் வரைந்தவையாக இருக்கலாம்.

முதலில் எண் போடுங்கள். படத்தின் பின்பக்கம், கீழ் மூலையில், 2பி பென்சிலால் மெல்ல எழுதினால் போதும். பால்பாயின்ட் பேனாவில் எழுதினால் முன்பக்கம் தடம் விழும். ஒரு நோட்டில் அதே எண்ணுக்கு நேராக உயரம், அகலம், என்ன வண்ணம், கையெழுத்து எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். பின்பக்கம் அம்மா எழுதியதை எழுத்துப் பிழையோடு அப்படியே எடுத்தெழுதுங்கள். அங்கே பால் கணக்கு இருந்தாலும் விடாதீர்கள், பால் விலை ஆண்டைக் காட்டிக்கொடுக்கும்.

படமெடுக்க நேர்வெயில் விழாத திண்ணை போதும். ஃபிளாஷ் கூடாது. கேமரா படத்தின் நடுவுக்கு நேராக, சாயாமல் இருக்கட்டும். ஓரத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து இன்னொரு முறை எடுங்கள். காகிதத்தைச் சுரண்டிய இடமும் பென்சில் அழுத்திய தடமும் அப்போதுதான் எழும்பி வரும். அழித்துவிட்ட ஒரு பனைமரம்கூடத் தெரியலாம்.

தேதி இல்லாத படத்துக்குக் காட்சியே சாட்சி. கன்னியாகுமரிக் கடலில் பாறைகள் வெறுமையாக இருந்தால் 1970-க்கு முன், விவேகானந்தர் மண்டபம் மட்டும் இருந்தால் அதற்குப் பின், வள்ளுவர் சிலையும் நின்றால் 2000-ஐ ஒட்டியோ பிறகோ. பாம்பனில் ரயில் பாலம் மட்டும் தெரிந்தால் 1988-க்கு முன், சாலைப் பாலம் திறப்பதற்கு முந்தைய காலம். ஆனால் ஓவியருக்குப் பிடிக்காத கட்டடத்தை விட்டுவிடும் உரிமை உண்டு. எனவே இது ஒன்றை மட்டும் நம்பி ஆண்டை உறுதி செய்யாதீர்கள். ஊகமென்றால் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

அம்மா எப்படி அமர்ந்து வரைந்தார் என்பதும் படத்திலேயே இருக்கிறது. சமதளக் கடற்கரையில் தொடுவானக் கோடு வரைபவரின் கண் உயரத்தில்தான் ஓடும். நிற்கும் மீனவர்களின் கண்ணருகே அது ஓடினால் அவரும் நின்று வரைந்திருக்கிறார். இடுப்பருகே ஓடினால் ஸ்டூலிலோ மணலிலோ உட்கார்ந்திருக்கிறார். எல்லார் தலைக்கும் மேலே போனால் மேடோ மாடியோ.

சட்டத்தைக் கழற்றும்போது, படத்தைச் சுற்றி வைத்த மவுண்ட் அட்டை மறைத்திருந்த ஓரத்தைப் பாருங்கள். நடுவில் சாம்பலாகத் தெரியும் வானம் அங்கே ஊதாவாக இருக்கும். வெளிச்சத்தில் சிவப்பு வெளிறிப்போனதால் வந்த மாற்றம் அது. அவர் தீட்டிய உண்மையான மாலை அந்த அரை விரல் அகலத்தில்தான் மிஞ்சியிருக்கிறது. பிசிறாக இருக்கிறதென்று வெட்டிவிடாதீர்கள். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் ஓவியப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொண்டுபோங்கள். தட்டில் காய்ந்த வண்ணத்தையும் கழுவ வேண்டாம். டியூப்களின் பெயர்களோடு சேர்த்துப் படமெடுங்கள்.

உறவினர்களிடம் "அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் "தங்கமான மனுஷி" என்பதோடு முடியும். படத்தைக் கையில் கொடுத்து, "இது எந்தக் கரை? கூட யார் போனது?" என்று கேட்டு, பதிலை அந்த எண்ணுக்குக் கீழே எழுதுங்கள்.

அமிலமில்லாத காகிதத்தை இடையிட்டுப் படுக்கையாக அடுக்குங்கள். செய்தித்தாள் கூடாது, அதன் அமிலம் படத்தைப் பழுப்பாக்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் ஈரம் ஏறும், அதோடு ராமபாணப் பூச்சியும் வரும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அச்சிட நினைத்தால் ஒன்று: இந்தியாவில் பதிப்புரிமை, ஓவியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். படத்தை விற்றதாலேயே அந்த உரிமை வாங்கியவருக்குப் போய்விடாது. ஆனால் ஒருவர் பணம் பேசி வரையச் சொன்ன படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை வரையச் சொன்னவருடையது. நோட்டில் அதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.