பல்புக்குப் பின்னால் உள்ள தடை: பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கண்டறிவது

பத்தாம் வகுப்பில் மின்னோட்டம் நடத்துகிறீர்களா? கணக்குக்குப் போகும் முன் இதைக் கேளுங்கள். 1.5 வோல்ட் செல் நான்கு. நேர்முனையிலிருந்து 2 ஓம் தடை, அடுத்து டார்ச் பல்பு, அதற்கடுத்து 6 ஓம் தடை, எல்லாம் தொடரிணைப்பில். கடைசியில் உள்ள 6 ஓமை 18 ஆக்கினால் வெளிச்சம் என்ன ஆகும்?

"மாறாது சார், கரண்ட் பல்பைத் தாண்டித்தானே அங்க போகுது" என்று பலர் சொல்வார்கள். உடனே ஓம் விதியை எழுதிவிடாதீர்கள். அது அவர்களுக்குத் தெரியும். எண் கொடுத்தால் கணக்கைச் சரியாகவே போடுவார்கள். மனதில் ஓடுவதுதான் வேறு: மின்னோட்டம் கிளம்புகிறது, வழியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகிறது, கடந்து வந்ததை அது திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்து, 6 ஓமை அப்படியே விட்டு, முதலில் உள்ள 2 ஓமை 14 ஆக்கச் சொல்லுங்கள். "மங்கும்" என்பார்கள். விடை சரி, காரணம் தவறு. இந்தக் கேள்வியை மட்டும் தேர்வில் கேட்டால் குழப்பம் வெளியே தெரியவே தெரியாது. இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

இப்போது, எலக்ட்ரான்கள் எதிர்முனையிலிருந்து வருவதை நினைவூட்டி, பல்புக்கு முன்னால் இருப்பது எது என்று கேளுங்கள். வகுப்பு சண்டை போடும். போடட்டும். அப்புறம் ஆய்வக ரியோஸ்டாட் (தடையைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இரண்டை வைத்துச் செய்து காட்டுங்கள். பல்புக்கு 4 ஓம் என்று கொண்டால் தொடக்கத்தில் மொத்தம் 12 ஓம், 0.5 ஆம்பியர். எந்தப் பக்கம் மாற்றினாலும் 24 ஓம், 0.25 ஆம்பியர்; பல்பு ஒரே அளவு மங்கும். (இழையின் சூட்டுக்கேற்ப அதன் தடை மாறுவதை இங்கே ஒதுக்கிவிடலாம்.)

"பின்னாடி நடந்தது பல்புக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் தட்டிக்கழிக்காதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. கம்பியில் எலக்ட்ரான்கள் பொதுவாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட முன்னேறுவதில்லை. ஆனால் தடை மாறியதும் கம்பியின் மேற்பரப்பில் மின்னூட்டங்கள் வேறு விதமாக அமைகின்றன. அந்த மாற்றம் இரு திசையிலும் ஒளியின் வேகத்தை ஒட்டிப் பரவுகிறது. மேசைமேல் உள்ள சுற்றுக்குச் சில நானோநொடிகள் போதும். ஆகவே காரணம், விளைவு என்று யோசிப்பதைத் தடுக்காதீர்கள். அது இரு பக்கமும் ஓடும் என்று காட்டுங்கள்.

வீட்டுப்பாடத்தில் எண்களுக்கு முன் "ஏன்" என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். "முதலில்", "பிறகு" என்று வந்தால் அடிக்கோடிட்டு, செல்களைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.