ஹீப்ரு தட்டச்சு: எழுத்திலும் புள்ளியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹீப்ரு அடிக்கத் தனி விசைப்பலகை வாங்கத் தேவையில்லை. விண்டோஸின் மொழி அமைப்பில் ஹீப்ருவைச் சேர்த்து, விண்டோஸ் விசையோடு ஸ்பேஸை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். பிழைகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

தமிழை ஆங்கில ஒலிப்படி அடித்துப் பழகியவர்கள் எஸ் விசையில் ‘ஷ’ ஒலிக்கும் ஷீன் எழுத்து வரும் என்று எதிர்பார்ப்பார்கள். வருவதோ ‘ட’ ஒலிக்கும் தாலெத். இஸ்ரேலில் புழங்கும் விசை அமைப்பு ஒலியைப் பின்பற்றுவதில்லை. ‘ஷாலோம்’ அடிக்க ஏ, கே, யூ, ஓ. காற்புள்ளி விசையில் தாவ் என்ற எழுத்து உட்கார்ந்திருக்கிறது; முற்றுப்புள்ளி சாய்கோட்டு விசைக்குப் போய்விட்டது. மேக்கில் ஒலிவழி அமைப்பான ‘ஹீப்ரு குவெர்ட்டி’ உண்டு. நாலு சொல் அடிக்க அது போதும். நிறைய அடிப்பவர்கள் இஸ்ரேல் அமைப்பையே பழகுவது நல்லது.

காஃப், மேம், நூன், பே, த்ஸாதி ஆகிய ஐந்து எழுத்துக்கும் சொல்லின் கடைசியில் வேறு வடிவம். அரபியில் மென்பொருளே வடிவத்தை மாற்றிவிடும். ஹீப்ருவில் நாம்தான் அடிக்க வேண்டும். மேம் என் விசையில், இறுதி மேம் ஓ விசையில். நூன் பி விசையில், இறுதி நூன் ஐ விசையில். தானாக மாற்றினால் தவறாகவும் போகும்: ‘கெட்சப்’ போன்ற கடன்சொற்கள் சாதாரண ‘பே’ வடிவத்திலேயே முடிகின்றன.

வலமிருந்து இடம் போகும் எழுத்தாயிற்றே என்று கடைசி எழுத்திலிருந்து தலைகீழாக அடிப்பவர்கள் இன்னும் உண்டு. கூடாது. உச்சரிக்கும் வரிசையிலேயே அடியுங்கள், திரையில் அடுக்குவது கணினியின் வேலை. பத்தியை வலப்பக்கம் ஒதுக்கினால் மட்டும் திசை மாறிவிடாது. முற்றுப்புள்ளி வாக்கியத்தின் தவறான முனையில் நிற்பதும் அடைப்புக்குறி திரும்பிக்கொள்வதும் அதனால்தான். கன்ட்ரோலோடு வலது ஷிஃப்டை அழுத்தினால் பத்தியின் திசையே மாறும். தமிழின் பழைய பாமினி எழுத்துரு போல ஆங்கிலக் குறியீட்டின் மேல் ஹீப்ரு உருவம் போர்த்திய பழைய எழுத்துருக்களில் உள்ள கோப்புகளை ஒட்டினால் வெறும் ஆங்கிலக் குப்பைதான் மிஞ்சும்.

அதிகம் தடுமாறுவது நிக்குத் எனப்படும் உயிர்ப்புள்ளிகளில். முதலில் மெய்யெழுத்து, பிறகுதான் புள்ளி. முன்கூட்டி அடித்தால் புள்ளி முந்தைய எழுத்தில் ஒட்டிக்கொள்ளும், அல்லது புள்ளிக்கோட்டு வட்டத்தின் மேல் தொங்கும். விண்டோஸில் ‘ஹீப்ரு’, ‘ஹீப்ரு ஸ்டாண்டர்ட்’ என இரண்டு அமைப்புகள் இருப்பதைக் கவனிக்காமல் ஒன்றின் குறிப்பை வைத்து மற்றதில் அடிப்பவர்களே அதிகம். பழையதான ‘ஹீப்ரு’ அமைப்பில் கேப்ஸ் லாக்கைப் போட்டு, ஷிஃப்டோடு மேல்வரிசை எண்கள்: 4 ஹீரிக், 5 த்ஸேரே, 6 ஸெகோல், 7 பதாஹ், 8 காமெத்ஸ், சமக்குறி விசை தாகேஷ் (எழுத்தின் உள்ளே இடும் புள்ளி). வலப்பக்க எண்பலகை இதற்கு உதவாது. ஸ்டாண்டர்டில் வலது ஆல்ட்டோடு புள்ளியின் பெயரில் வரும் முதல் எழுத்து: காமெத்ஸுக்குக் கோஃப் (இ விசை), பதாஹுக்குப் பே, தாகேஷுக்குத் தாலெத். நினைவில் வைக்க இதுவே எளிது.

‘ஊ’ ஒலிக்கும் ஷூருக்குக்குத் தனிப்புள்ளி தேடாதீர்கள். வாவ் எழுத்தை அடித்துத் தாகேஷ் போட்டால் அதுவே ஷூருக். வாவோடு வரும், ‘ஓ’ ஒலிக்கும் ஹோலாம் புள்ளியையும் வாவுக்குப் பிறகே அடிக்க வேண்டும், முந்தைய மெய்யின் மேல் அல்ல.

ஒரே எழுத்துக்குத் தாகேஷும் உயிர்ப்புள்ளியும் வந்தால் எதை முதலில் அடித்தாலும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே குறியீட்டு வரிசை வேறு. குறியீடுகளை ஒரே வரிசைக்குக் கொண்டுவரும் யூனிகோட் சீராக்கம் உயிர்ப்புள்ளியை முன்னும் தாகேஷைப் பின்னும் வைக்கும். அப்படிச் சீராக்காத மென்பொருளில் தேடினால் கண்ணெதிரே இருக்கும் சொல் அகப்படாது. கோப்பு முழுக்க ஒரே வரிசையைக் கடைப்பிடியுங்கள். குறியீட்டுப் பட்டியலிலிருந்து புள்ளியோடு சேர்ந்த ஒற்றை எழுத்தாக ஷீனை எடுத்து ஒட்டினாலும் இதே தொல்லைதான்.

புள்ளி இடம் தவறித் தெரிந்தால் அடித்ததைத் திருத்தும் முன் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். எஸ்பிஎல் ஹீப்ரு, எஸ்ரா எஸ்ஐஎல் இரண்டும் புள்ளியிட்ட வேதாகம உரைக்கென்றே செய்யப்பட்டவை.