திரும்பவும் வோட்டுக் கேட்டு வாறவரின்ர பழைய கணக்கை நாங்களே பாக்கிறது எப்பிடி

புதுசா தேர்தல் கேக்கிற ஆளிட்ட "என்ன செய்வீங்கள்" எண்டுதான் கேக்கலாம், ஆனா ஏற்கனவே ஒருக்கா உள்ளுக்குப் போய் இருந்திட்டு திரும்பவும் வாறவரிட்ட "என்ன செய்தனீங்கள்" எண்டு கேக்கலாம். அதுக்குப் பதில் அவரின்ர வாயில இருந்துதான் வரோணும் எண்டில்லை, முக்கால்வாசி எழுத்திலயே கிடக்கு. அது எங்க கிடக்கு எண்டு சொல்லித் தர ஆளில்லாமல்தான் எங்கட சனம் நோட்டீசையும் பேஸ்புக் வீடியோவையும் வச்சு விருப்பு வாக்குப் போடுது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில கிளிநொச்சியும் சேத்து 2024இல இருந்தது 6 சீற், ஒரு வாக்குச்சீட்டில கட்சிக்கு ஒண்டு, பிறகு 3 பேர் வரைக்கும் விருப்பு இலக்கம், அந்த 3 இலக்கத்தை ஆருக்குப் போடுறது எண்டதுக்குத்தான் இந்த வேலை எல்லாம்.

முதல்ல, ஆளின்ர பின்னணி. பாராளுமன்றத்தின்ர இணையத்தளத்தில ஒவ்வொரு எம்பிக்கும் ஒரு பக்கம் இருக்கு, தமிழிலயும் பாக்கலாம், தொழில், கட்சி, எந்தெந்தக் குழுவில இருக்கிறார் எண்டெல்லாம் வரும். அதை அப்பிடியே ஒரு கொப்பியில எழுதுங்கோ, பக்கத்தில அவர் எந்த வருசம் எந்தச் சின்னத்தில கேட்டவர் எண்டும் எழுதுங்கோ, வீடா சைக்கிளா வீணையா சுயேச்சையா. கட்சி மாறினது தன்பாட்டில ஒரு குற்றம் இல்லை, ஆனா மாறின வருசத்துக்கு முன்னுக்கும் பின்னுக்கும் அவர் ஒரே விசயத்தைப் பற்றி என்ன சொன்னவர் எண்டு பாக்கோணும். பழைய பேப்பருக்கு யாழ் பொது நூலகத்துக்குப் போகலாம், வீட்டில இருந்து பாக்கிறதெண்டால் நூலகம் எண்ட எண்ணிம நூலகத்தில பழைய ஈழத்துப் பேப்பர்கள், சஞ்சிகைகள் கனக்கக் கிடக்கு. எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயில் நிர்வாகம், ஆற்ற மருமகன் எண்ட விசயங்களை எங்கட ஆக்கள் முதல் கேப்பினம், என்னைக் கேட்டால் அதைக் கொப்பியில எழுதவே வேண்டாம்.

அடுத்தது ஹன்சாட். பாராளுமன்றத்தில கதைச்சது எல்லாம் அதில இருக்கு, தமிழில கதைச்சால் தமிழிலயே அச்சடிச்சிருப்பினம், அதால பாசை தெரியாது எண்டு பயப்பிடத் தேவையில்லை. முழுக்க வாசிக்க ஏலாது, அது மலை மாதிரிக் கிடக்கு. வரவுசெலவுத் திட்டத்தில அமைச்சு அமைச்சா விவாதம் நடக்கிற நாட்களை மட்டும் எடுங்கோ, கடற்தொழில், காணி, கல்வி, சுகாதாரம், இந்த 4 நாளையும் எடுத்து முன்பக்கத்து உள்ளடக்கத்தைப் பாத்திட்டு அவர் கதைச்ச இடத்துக்குப் போனால் காணும். பாக்க வேண்டியது குரல் எவ்வளவு உயர்ந்தது எண்டில்லை, இடத்தின்ர பேர், தொகை, திகதி சொல்லிக் கதைச்சவரா, அமைச்சர் பதில் சொன்னாப்பிறகு திரும்பவும் அதே விசயத்தைக் கேட்டவரா எண்டுதான். மந்திரி டொட் எல்கே எண்டு ஒரு தளம் இருக்கு, வெரிட்டே ரிசேர்ச் நடத்துறது, ஹன்சாட்டை வச்சு எம்பிமாரைத் தரப்படுத்துவினம், அது வழி காட்டும், ஆனா அதோட நிக்காமல் மூலத்தைத் தொட்டுப் பாருங்கோ. வரவு நாள் கணக்கும் அப்பிடித்தான், வந்தவர் எண்டு தெரியும், வந்து என்ன செய்தவர் எண்டு தெரியாது.

பேச்சை விட வாக்கெடுப்பு முக்கியம். பேர் சொல்லி எண்ணின வாக்கெடுப்பு எண்டால் ஆதரவு ஆர், எதிர் ஆர் எண்டு ஹன்சாட்டிலயே பேர்ப்பட்டியல் வரும். உதாரணத்துக்கு அரசியலமைப்பின்ர 20ஆவது திருத்தம், 2020 ஒக்ரோபர் 22, ஆதரவு 156, எதிர் 65. இணையத்தில எழுதுறதைக் கட்டுப்படுத்துற நிகழ்நிலைக் காப்புச் சட்டம், 2024 ஜனவரி 24, ஆதரவு 108, எதிர் 62. இந்த ரெண்டாவதைக் கூட்டிப் பாருங்கோ, 170தான் வருது, சபையில மொத்தம் 225 பேர், அப்ப மிச்சம் 55 பேர், சபாநாயகரை விட்டாலும் 54 பேரின்ர பேர் ரெண்டு பக்கமும் இல்லை. வெளியில வந்து சட்டத்தைத் திட்டினவர் அண்டைக்கு எந்தப் பட்டியலில இருந்தவர், அல்லது எந்தப் பட்டியலிலயும் இல்லாமல் போனவரா, இது ஒண்டை மட்டும் பாத்தாலே ஆளைப் பாதி விளங்கும்.

சட்டம் கொண்டுவந்தவரா எண்டும் பாருங்கோ. எதிர்க்கட்சியில இருந்தால் ஒண்டும் செய்யேலாது எண்டு கன எம்பிமார் சொல்லுவினம், ஆனா இழுவைமடித் தொழிலைத் தடை செய்த 2017ஆம் ஆண்டு 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அப்ப எதிர்க்கட்சி எம்பியா இருந்த சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்தில இருந்து வந்ததுதான். அந்தச் சட்டத்துக்குப் பிறகும் கடலில இழுவைப்படகு நிக்குதா எண்டது வேற கேள்வி, அதையும் கேக்கோணும், ரெண்டையும் ஒண்டாக் குழப்பக்கூடாது.

இனிக் காசு. ஒழுங்கை முகப்பிலயும் சனசமூக நிலையச் சுவரிலயும் கறுப்புக் கல்லு ஒண்டு பதிச்சிருக்கும், "கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் இன்னார் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது" எண்டு பெரிய எழுத்தில. அதுக்குக் கீழ சின்ன எழுத்தில ஒரு வரி கிடக்கும், குனிஞ்சு வாசியுங்கோ, "பன்முகப்படுத்தப்பட்ட நிதி" எண்டு இருந்தால் அது எம்பி தெரிவு செய்து குடுத்த வேலையா இருக்கலாம், "பிரதேச சபை நிதி" எண்டோ "ஐ ரோட்" எண்டோ இருந்தால் அவர் வந்து நாடா வெட்டினவர் அவ்வளவுதான், ஐ ரோட் எண்டது வீதி போடுற திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின்ர கடன் காசு, அதைக் கட்டுறது நாங்கள். பன்முகப்படுத்தப்பட்ட நிதியும் அவரின்ர சட்டைப்பைக் காசு இல்லை, கச்சேரிக்கூடாக, அதாவது மாவட்டச் செயலகத்துக்கூடாகப் போற அரச காசு, எந்த ஊருக்கு எந்த வேலை எண்டு சொல்லுறது மட்டும்தான் அவரின்ர பங்கு, அந்தப் பங்கை அவர் எப்பிடிப் பாவிச்சவர் எண்டதுதான் எங்களுக்கு வேணும்.

அதை எடுக்க 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. இலங்கைப் பிரசை ஆரும் கேக்கலாம், ஏன் கேக்கிறன் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில எழுதலாம். "தகவல் அலுவலர், மாவட்டச் செயலகம், யாழ்ப்பாணம்" எண்டு விலாசம் போட்டு இப்பிடி எழுதுங்கோ: "2025ஆம் ஆண்டு பாராளுமன்ற உறுப்பினர் இன்னாரின் சிபாரிசில் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் செய்யப்பட்ட வேலைகளின் பெயர், கிராம சேவையாளர் பிரிவு, ஒதுக்கிய தொகை, செலவான தொகை, ஒப்பந்தகாரர், முடிந்த திகதி ஆகியவற்றின் பட்டியல் தருக." ஒரு வருசம், ஒரு ஆள், ஒரு நிதி, அவ்வளவுதான். "எல்லாத் தகவலும் தருக" எண்டு எழுதினால் சுத்தல்தான். குடுத்ததுக்கு ஒப்புகை வாங்கி வையுங்கோ, 14 வேலைநாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும், சொல்லாட்டி 14 நாளுக்குள்ள அதே அலுவலகத்தில குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராட்டி கொழும்பில தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பட்டியல் வந்தாப்பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்த மதகும் கிணறும் உண்மையிலயே நிக்குதோ எண்டு பாருங்கோ, இது ஊர்ப் பெடியள் 4 பேர் சேந்தால் ஒரு சனிக்கிழமை வேலை.

சொத்துக் கணக்கு இப்ப லேசாப் போச்சு. 2023ஆம் ஆண்டு 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்துக்குப் பிறகு பிரகடனங்கள் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குப் போகுது, தனிப்பட்ட விவரங்களை மறைச்சுப்போட்டு தளத்தில போடுகினம். ஒரு வருசத்தை மட்டும் பாத்து "அடேயப்பா இவ்வளவு காணியோ" எண்டு நிக்காதேங்கோ, சீதனமும் முதுசமும் எல்லா வீட்டிலயும் இருக்கு, ரெண்டு வருசத்தைப் பக்கத்தில பக்கத்தில வச்சு என்ன கூடியிருக்கு எண்டு பாருங்கோ.

"நான் எங்கட பண்பாட்டைக் காக்கிற ஆள்" எண்டு சொல்லி வாற பழமைவாதிகளுக்கு ஒரு தனிக் கேள்வி வையுங்கோ. பழமையை விரும்புறது ஆருக்கும் உள்ள உரிமை, ஆனா எந்தப் பழமை எண்டு தெளிவாச் சொல்லோணும். தேசவழமை எண்ட யாழ்ப்பாணத் தமிழற்ற வழமைச் சட்டத்துக்குக் கீழ கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர பேரில உள்ள காணியை விக்கிறதெண்டாலும் புருசன்ர எழுத்துமூலச் சம்மதம் வேணும், புருசனுக்கு அப்பிடி இல்லை, 1911இல வந்த கட்டளைச் சட்டம். இதை மாத்தோணுமா வேண்டாமா எண்டு நேர கேளுங்கோ. ஆம் எண்டாலும் இல்லை எண்டாலும் அது ஒரு நிலைப்பாடு, மரியாதையாக் குறிச்சு வையுங்கோ, "காலம் வரேக்க பாப்பம்" எண்டால் அதையும் அப்பிடியே எழுதுங்கோ.

கனடாவில இருக்கிற சொந்தங்களும் இதே வழியில போகலாம். ஒன்ராறியோவில பழமைவாதக் கட்சியில 2018இல வென்ற விஜய் தணிகாசலம் கொண்டுவந்த 104ஆம் இலக்கச் சட்டமூலம், தமிழினப் படுகொலை அறிவூட்டல் வாரம், 2021இல சட்டமானது, சட்டசபைத் தளத்தில வாசிப்பு வாசிப்பா இருக்கு. எங்கட ஆள், எங்கட சட்டம் எண்டு சந்தோசப்படலாம், அதோட வாடகை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடக் காசு எண்டு வந்த வாக்கெடுப்புகளில கட்சியோட எப்பிடிப் போட்டவர் எண்டும் பாக்கோணும், அங்க வாழுறவைக்கு நாளாந்தம் தொடுறது அதுதான்.

தனி வடமாகாணசபைக்கு இதுவரைக்கும் ஒரே ஒரு தேர்தல்தான், 2013 செப்ரெம்பர் 21, 38 உறுப்பினர், 2018 ஒக்ரோபரில காலம் முடிஞ்சுது. அதில இருந்தவையள் திரும்பக் கேட்டு வரேக்க சபை கூடின கைதடியில எத்தினை தீர்மானத்துக்குக் கை உயர்த்தினவை எண்டதை விட எத்தினை நியதிச்சட்டத்தில வேலை செய்தவை எண்டு கேளுங்கோ. தீர்மானம் பேப்பரில வரும், நியதிச்சட்டம்தான் மாகாணத்தில சட்டமா நிக்கும்.

கொப்பி நிரம்பினாப்பிறகு அவர் உங்கட வாசிகசாலைக்குக் கூட்டத்துக்கு வரேக்க 3 கேள்வியை மட்டும் தெரிஞ்செடுங்கோ, திகதியோட. ஒருத்தர் கேக்க இன்னொருத்தர் பதிலை எழுதோணும், முடிஞ்சால் போனில ரெக்கோட் பண்ணுங்கோ, முன்னுக்கே சொல்லிப்போட்டு. "ஐயா, 2024 ஜனவரி 24 நீங்கள் எங்க நிண்டனீங்கள்" எண்டு மரியாதையாக் கேட்டால் காணும், சத்தம் போடத் தேவையில்லை. பதிலை அண்டிரவே ஊர் வட்சப் குழுவில ஹன்சாட் பக்கத்தின்ர படத்தோட போட்டு விடுங்கோ, வராத ஆக்களும் பாக்கட்டும்.