கேப்பர் மலையில் மழைநாள் ஹாம் ரேடியோ

கடலூரை ஒட்டிய கேப்பர் மலை உண்மையில் ஒரு செம்மண் மேடுதான். ஆயினும் சுற்றிலும் சமவெளியும் கிழக்கே கடலும் இருப்பதால், ஹாம் ரேடியோவுக்கான (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வானொலி) 145 மெகாஹெர்ட்ஸ் கைக்கருவிக்கு அந்த உயரமே போதும். பொதுவாக 30 மீட்டர் உயரத்திலிருந்து ரேடியோ அடிவானம், அதாவது அலைகள் நேராகச் சென்று எட்டும் தொலைவு, சுமார் 22 கிலோமீட்டர். மத்திய சிறையின் சுற்றுப்புறத்தைத் தவிர்த்துவிட்டு இடம் தேர்ந்தெடுங்கள். உரிமத்தின் நகலும் கையில் இருக்கட்டும், ஏனெனில் மழையில் கம்பியும் கோலுமாக நிற்பவரை யாரும் விசாரிக்காமல் போகமாட்டார்கள்.

தொலைதூரத் தொடர்புக்கு 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையே என் தேர்வு. 142.5-ஐ மெகாஹெர்ட்ஸ் அளவால் வகுத்தால் அரை அலை டைபோலின் (அலைநீளத்தில் பாதி நீளமுள்ள, நடுவில் கேபிள் இணையும் கம்பி ஆன்டெனா) நீளம் மீட்டரில் கிடைக்கும், 14.2-க்கு அது ஏறக்குறைய 10 மீட்டர். நடுப்பகுதியைக் கண்ணாடியிழைத் தூண்டில் கோலின் உச்சியில் கட்டி, இரு முனைகளையும் நைலான் கயிற்றால் சாய்வாக இழுத்துக் கட்டுங்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்துமாதலால் வேண்டாம்.

மழையில் முதலில் கெடுவது கேபிள் இணைப்புதான். ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மேல் பாதி படியுமாறு இழுத்துச் சுற்றுங்கள். கருவிக்குள் நுழையுமுன் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டால், வழிந்துவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நனைந்த கம்பியில் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா கருவியோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் அளவு) மாறக்கூடும் என்பதால் மழை பிடித்த பிறகு மீண்டும் அளக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் இடியும் சேர்ந்தே வரும். ஒலிபெருக்கியில் படபடவென வெடிப்பொலி கேட்கத் தொடங்கினால், உரையாடல் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு உடனே கீழே இறங்கிவிடுங்கள்.