துணி நிஜ காட்டனா? நூலை எரிச்சுப் பாருங்க, நனைச்சும் பாருங்க

சிங்கப்பூர் புழுக்கத்துல பாலியெஸ்டர் சட்டையோட பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தாலே முதுகுல ஒட்டிக்கும். காட்டன் தன் எடையில சுமார் 8 சதவீதம் ஈரத்தைக் காத்துலேர்ந்தே இழுத்து வச்சுக்கும், லினன் 12 கிட்ட, பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட தேறாது. போதாக்குறைக்கு ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் அதுலேர்ந்து உதிர்ற பொடி இழை அத்தனையும் பிளாஸ்டிக், மக்கவே மக்காது. அதனால நல்ல துணியா நாலே நாலு வாங்கி வருஷக்கணக்கா போடுங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்வேன்.

ரெடிமேடுக்கு உள்தையல்ல லேபிள் இருக்கும், படிச்சுக்கலாம். அராப் ஸ்ட்ரீட்லயோ சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க்லயோ மீட்டர் கணக்குல வெட்டி வாங்குற துணிக்குத்தான் இந்த டெஸ்ட் எல்லாம்.

1. சாம்பிள்

மொத்தமா வாங்குறதுக்கு முன்னாடி ஓரத்துல ஒரு சின்னத் துண்டு கேளுங்க, பெரும்பாலும் தருவாங்க. நீளவாக்குல சில நூல், குறுக்குவாக்குல சில நூல் உருவித் தனித்தனியா வச்சுக்கோங்க. பாவு (நீள நூல்) காட்டன், ஊடை (குறுக்கு நூல்) பாலியெஸ்டர்னு நெய்த துணியும் இருக்கு, ஒரு பக்கம் மட்டும் பார்த்தா தெரியாது.

2. எரிக்கிறது

லைட்டர் வேணாம், மெழுகுவர்த்திதான் வசதி, ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும். இரும்பு ட்வீஸர்ல நூலைப் பிடிச்சு, கிச்சன் சிங்க் மேலயே செய்யுங்க, பக்கத்துல தண்ணி இருக்கட்டும். காட்டன், லினன்னா சட்டுனு பத்திக்கும், பேப்பர் எரியுற வாசனை, ஊதினா பறக்குற சாம்பல். பட்டு முடி கருகுற மாதிரி நாறும், தீயை எடுத்தா தானா அணைஞ்சிடும், கருப்பா நிக்கிறதை விரலால நசுக்கினா பொடியாகிடும். பாலியெஸ்டர் சுருண்டு உருகும், ஆறினதும் நசுக்க முடியாத கெட்டி மணியா நிக்கும். பேப்பர் வாசனையும் வருது, கெட்டித் துணுக்கும் மிஞ்சுதுன்னா கலப்பு.

3. நனைக்கிறது (இதை விட்டுடாதீங்க)

எனக்கு ரொம்ப நாளா பிடிபடாம இருந்தது இந்த இடம்தான். ரேயான், விஸ்கோஸ்னு விக்கிறதும் காட்டன் மாதிரியே எரியும், அதே வாசனை, அதே சாம்பல், ஏன்னா அதுவும் காட்டனும் அடிப்படையில செல்லுலோஸ், அதாவது செடி, மரத்தோட நார்ப்பொருள். ஆனா விஸ்கோஸ் மரக்கூழை ரசாயனத்துல கரைச்சு இழுக்குற நூல். ‘மூங்கில் துணி’ன்னு விக்கிறதுல பெரும்பகுதி இதே வகைதான்.

ஒரு சாண் நூலை எடுங்க, முறுக்கி ரெண்டு இழையா இருந்தா பிரிச்சு ஒண்ணை மட்டும் எடுத்துக்கோங்க. நடுவுல ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தண்ணி தொட்டு நனைச்சு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ரெண்டு முனையையும் பிடிச்சு மெதுவா இழுங்க. விஸ்கோஸ் ஈரம் பட்டா பலம் இழந்துடும், சரியா அந்த நனைஞ்ச இடத்துலயே பொசுக்குனு அறுந்துடும். காட்டனுக்கு ஈரத்துல பலம் கூடும், அறுந்தாலும் காஞ்ச பக்கமாத்தான் அறும். ஒரு நூலை வச்சு முடிவு பண்ணாம நாலஞ்சு நூல் இழுத்துப் பாருங்க.

4. தைக்கிறதுக்கு முன்னாடி

கால் மீட்டர் கூடுதலா வாங்கி, ராத்திரி பூரா ஊறப்போட்டு, காய வச்சு, அயர்ன் பண்ணி அதுக்கப்புறம்தான் டெய்லர்கிட்ட குடுக்கணும். காட்டன் முதல் தண்ணியிலதான் நல்லா சுருங்கும். சுங்குடி மாதிரி அடர் கலர்னா தனியா ஊறப்போடுங்க.

அப்டேட்: டென்செல்னு விக்கிற துணி பத்தி சிலர் கேட்டிருந்தீங்க. அதுவும் மரக்கூழ்தான், ஆனா கரைக்கிற திரவத்தை ஆலையிலயே திரும்பத் திரும்ப மீட்டுப் பயன்படுத்துறாங்க, அதனால நான் தாராளமா வாங்குவேன். ஈரத்துலயும் அது ஓரளவு பலமா நிக்கும், மூணாவது டெஸ்ட் அதுகிட்ட பலிக்காது, லேபிளைத்தான் பார்க்கணும்.

இன்னொரு அப்டேட்: காட்டன் சேலையில கரும்புள்ளி விழுதுன்னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. அது பூஞ்சை, கஞ்சின்னா அதுக்குக் கொண்டாட்டம். கஞ்சி போட்டபடியே அலமாரியில வைக்காதீங்க, நல்லா அலசி, மழை மாசத்துல ஃபேன் அடியில முழுசாக் காய வச்சு மடிச்சு வைங்க. சேலை கட்டுறதுக்கு முந்தின நாள் கஞ்சி போட்டுக்கலாம். பட்டுச் சேலையை பிளாஸ்டிக் கவர்ல வைக்காம பழைய வேட்டித் துணியில சுத்தி வைங்க.